அணிலின் முதுகில் இராமபிரான் கை



அணிலுக்கு முதுகில் கோடு ஏன் என்று பிள்ளை கேட்டால், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பாட்டி சொல்லும் கதை நாம் அறிந்ததே. சேது கட்டும்போது வானரங்கள் மலைகளைச் சுமந்தன. அணிலோ நீரில் நனைந்து, மணலில் புரண்டு, ஒட்டிய மணலைக் கடலில் உதறியது. இராமபிரான் பரிவோடு தடவிய மூன்று விரல்களே அந்த மூன்று கோடுகள்.

வான்மீகி இராமாயணத்தில் இது இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அந்த அணிலைப் போற்றுகிறார்; அங்கும் கோட்டைப் பற்றிப் பேச்சில்லை. அது வாய்மொழியாக வந்த செல்வம்.

"வடஇந்தியாவில் ஐந்து கோட்டு அணிலும் இருக்கிறதே, பாட்டி?" என்று படித்த பிள்ளை கேட்கலாம். கேட்கட்டும், அதட்ட வேண்டாம். கோடு வந்த வகையை ஆசிரியர் சொல்லுவார். அணிலைக் குறிபார்த்துக் கல்லை ஓங்கிய கை தாழ்வதற்குத்தான் இந்தக் கதை.

இன்னொன்றும் உண்டு. 1890இல் தம்பத்தென்னையில் தொழிற்சாலை கட்டிய லிப்டன் பெயர் உலகெங்கும் தெரியும். அந்த மலையில் கூடை சுமந்த நம் முன்னோர் பெயர் யாருக்குத் தெரியும்? அம்மா கொழுந்து எடுக்கிறாள் என்று சொல்லக் கூசும் பிள்ளையை மடியில் இருத்தி, மணல் சுமந்த அந்த முதுகைப் பற்றிச் சொல்லுங்கள். இன்றிரவே சொல்லுங்கள், கைப்பேசியைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு.