இலையுதிர்காலம் பனிக்காலம் ஆகிறதா?

பருவம் மாறுகிறது என்று சொல்லும்போதே, மாறாத ஏதோ ஒன்று உள்ளே நின்று இலையுதிர்காலமாகவும் பின்பு பனிக்காலமாகவும் வேடம் புனைகிறது என்ற எண்ணமும் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய ஜென் பௌத்த ஆசான் டோகென் (1200–1253) இதை ஏற்கவில்லை. விறகு விறகாகவும் சாம்பல் சாம்பலாகவும் தத்தம் நிலையில் நிறைவுடையவை என்றும், எனவே பனிக்காலமே வசந்தமாகிறது என்று கொள்ளலாகாது என்றும் 'கென்ஜோகோவான்' என்னும் நூலில் அவர் வாதிடுகிறார். ஜப்பானியர் 'முஜோ' என்று வழங்கும் நிலையாமை, இவ்விளக்கத்தில், ஒரு பொருள் தேய்ந்து வேறொன்றாவதன்று. அவ்வக்கணம் முழுமையாக நிகழ்ந்து அமைவது.

சாயக்கலைஞர் இச்சிகு குபோட்டாவின் (1917–2003) 'ஒளியின் சிம்பொனி' என்னும் கிமோனோ வரிசை இவ்வாதத்துக்கு நல்லதோர் உரைகல். கவாகுச்சி ஏரியருகே 1994இல் திறக்கப்பட்ட அவருடைய அருங்காட்சியகத்தில் கைவிரித்த நிலையில் அடுத்தடுத்து நிறுத்தப்படும் ஆடைகளில், ஒன்றின் ஓரத்தில் நிற்கும் மலைச்சரிவு அடுத்ததில் தொடர, இலையுதிர்காலச் செம்மை மெல்ல அடங்கிப் பனியின் வெண்மை பரவுகிறது. எவ்விடத்தில் ஒரு பருவம் முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்து உடுத்தத்தக்க முழு ஆடையே.

அவர் கையாண்ட முறைக்கு வேர், 16ஆம் நூற்றாண்டில் சிறந்து பின்னர் வழக்கொழிந்த 'சுஜிகஹானா'. மதுரைச் சுங்குடியைப் போலத் துணியை முடிந்து சாயம் புகாமல் தடுப்பதோடு, தையலால் வடிவத்தின் எல்லையைச் சுருக்கி இறுக்கி, மைக்கோடும் சேர்க்கும் கலை அது. இருபதாம் வயதில் அருங்காட்சியகத்தில் அதன் பழந்துண்டு ஒன்றைக் கண்ட குபோட்டா, போரையும் சைபீரியச் சிறைவாசத்தையும் கடந்து, தமக்குரிய வகையில் அதைப் புதுப்பித்து 1977இல்தான் முதற்கண்காட்சி வைத்தார். பட்டைத் தைத்து இறுக்கி, சாயமேற்றி, ஆவியில் வேகவைத்து, நூலைப் பிரித்து, மீண்டும் தைத்துச் சாயமேற்றுவதால், முன்னைய நிறம் பின்னையதன் அடியில் தங்குகிறது. டோகெனுக்கு மாறாக இங்கே ஒன்று தொடர்கிறதே என்று பட்டைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். ஆனால் வடிவத்தைத் தந்தது பட்டும் அன்று, சாயமும் அன்று, பிரித்தெடுக்கப்பட்டுவிட்ட நூல். துணியில் எஞ்சியிருப்பது அதன் சுருக்கம் மட்டுமே.

80 ஆடைகளாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசை, குபோட்டா மறைந்தபோது முற்றுப்பெறவில்லை. காட்சி முழுவதையும் ஒரே படைப்பாகக் கொள்பவருக்கு இது குறை. ஓர் ஆடையின் முன் நிற்பவருக்கோ அங்கே குறையேதும் இல்லை.