உதிரும் இலையும் வளரும் குழந்தையும்



நமது நாட்டிலே மாரி மழையை எதிர்பார்த்து வயல்களில் விதைப்பு நடைபெறும் ஒக்டோபர் மாதத்தில், கனடாவிலும் ஐரோப்பாவிலும் அறுவடை முடிந்து மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் இன்று அந்நாடுகளிலே வாழ்கின்றனர். மஞ்சளும் சிவப்புமான இலைக்குவியலின் நடுவே குழந்தைகள் நிற்கும் படங்கள் நம் வீடுகளுக்கு வந்து சேருகின்றன. எனவே இவ்வாரம் இலையுதிர்காலத்தைப் பற்றிச் சிந்திப்போம். அங்குள்ள இளம் பெற்றோருக்கே இதனை முக்கியமாக எழுதுகிறோம். இங்கிருப்போர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வெப்ப நாட்டிலே பிறந்தவர்களுக்கு அந்தப் பருவம் எளிதில் பிடிப்பதில்லை. செப்டெம்பர் 22 அல்லது 23ஆம் நாளளவில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதன்பின் பகல் நாளுக்கு நாள் குறுகுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருள், திரும்பும்போதும் இருள். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்ற பயம் வேறு. ஆகவே கதவைச் சாத்தி, தொலைக்காட்சிக்கு முன்னால், அல்லது கைத்தொலைபேசியோடு பிள்ளையை இருத்திவிடுகிறார்கள். இறைவன் வெளியே விரித்துவைத்த விருந்தைப் பிள்ளை யன்னல் கண்ணாடி வழியாகவே பார்க்கிறது. இது பெரிய இழப்பு அன்றோ?

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று உங்கள் பிள்ளை கேட்டதுண்டா? கேளாவிட்டால் நீங்களே கேட்டு, விடையையும் சொல்லுங்கள். இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். சூரிய ஒளியைக் கொண்டு மரத்துக்கு உணவு ஆக்குவதும் அதுவே. பகல் குறுகிக் குளிர் மிகும்போது மரம் புதிய பச்சையத்தை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை மங்க, மஞ்சளும் செம்மஞ்சளும் வெளிப்படுகின்றன. இந்நிறங்கள் புதிதாக வந்தவையல்ல. கோடை முழுவதும் இலைக்குள்ளே மறைந்திருந்தவை. மேப்பிள் போன்ற மரங்களின் செந்நிறமோ அந்தக் கடைசி வாரங்களிலே புதிதாக உண்டாவது.

பின்னர் காம்பின் அடியிலே மெல்லிய படை ஒன்று வளர்ந்து இலையைக் கிளையிலிருந்து பிரிக்கிறது. காற்றுத்தான் இலையைப் பறிக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையிலே மரமே அதனை விட்டுவிடுகிறது. விடாவிட்டால் பனியின் பாரத்தால் கிளைகள் முறியும். நிலம் உறைந்திருக்கும் காலத்தில் இலை வழியே நீரும் வீணாகும். இலை விழுந்த தழும்பின் மேலே உற்றுப் பாருங்கள். அங்கே சிறு மொட்டு ஒன்று தெரியும். வரப்போகும் வசந்தத்தின் தளிர் அதற்குள்ளே ஏற்கெனவே ஆயத்தமாய் இருக்கிறது. உயிர்ப்பைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்ல இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

நம் ஆண்டவரும் மலர்களையும் பறவைகளையும் அத்திமரத்தையும் காட்டியே போதித்தார். பார்க்கச் சொன்னார். பார்ப்பதற்கு நிற்கவேண்டும், நிற்பதற்கு நேரம் வேண்டும்.

"நேரந்தானே இல்லை, சுவாமி!" என்பீர்கள். இரண்டு வேலை, வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம். அந்த உழைப்பினாலே இங்கு தலைநிமிர்ந்த குடும்பங்கள் பல. அதனைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். ஐரோப்பாவிலே ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னே வைக்கிறார்கள். அன்று கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பூங்காவுக்குள் நுழையுங்கள். கம்பளிச் சட்டையும் தொப்பியும் அணிந்த பிள்ளை குளிருக்கு அஞ்சாது. இலைக்குவியலிலே குதிக்கட்டும். ஐந்து நிறத்தில் ஐந்து இலை பொறுக்கட்டும். அவற்றைத் தடித்த புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தி, ஒன்றை அம்மம்மாவுக்குக் கடிதத்தோடு அனுப்பட்டும். அணில் ஓக் மரத்து விதைகளை மண்ணிலே புதைப்பதையும், காட்டு வாத்துகள் அம்பு முனைபோல் அணிவகுத்துத் தெற்கே பறப்பதையும் காட்டுங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை.

அந்தப் பருவத்தின் திருநாட்களும் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களே. கனடாவில் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றியறிதல் நாள். 1957இல் அந்நாள் நிலையாகக் குறிக்கப்பட்டது. விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதே அதன் நோக்கம். அன்று உணவு மேசையிலே ஒவ்வொரு பிள்ளையும் தான் நன்றி சொல்ல விரும்பும் ஒன்றைக் கூறட்டும்.

நவம்பர் 11ஆம் நாள் புனித மார்ட்டினின் திருநாள். போர்வீரராய் இருந்தபோது, ஆமியேன் நகர வாயிலிலே குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தமது மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் அவர். பின்னாளில் தூர் நகரின் ஆயராகி 397ஆம் ஆண்டு இறந்தார். ஜேர்மனியிலும் அயல்நாடுகளிலும் அந்நாளையொட்டிச் சிறுவர் காகித விளக்குகளை ஏந்தி இருண்ட தெருக்களிலே பவனி செல்கின்றனர். விளக்கைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். அதன்பின் வீட்டிலுள்ள நல்ல குளிர்ச்சட்டை ஒன்றை இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கவும் பழக்குங்கள். கொடுக்காவிட்டால் விளக்கு வெறும் வேடிக்கையாகிவிடும்.

நவம்பர் 2ஆம் நாள் இறந்தோரை நினைக்கிறோம். பிரான்சிலே அந்நாட்களில் கல்லறைகள் செவ்வந்திப் பூக்களால் நிறைகின்றன. இங்கே நாம் நம்மவரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அங்குள்ள பிள்ளைகள் தாம் கண்டிராத பூட்டன், பூட்டியின் பெயர்களைச் சொல்லி வீட்டிலே ஒரு திரி ஏற்றட்டும். உதிர்ந்தவர்களும் ஒரே மரத்தைச் சேர்ந்தவர்களே என்பதை அறியட்டும்.

பெற்றோரே, அடுத்த ஆண்டும் இலை உதிரும். ஆனால் இன்று ஐந்து வயதாய் இருக்கும் உங்கள் பிள்ளை அப்போது ஐந்து வயதாய் இராது. உங்கள் விரலைப் பிடித்து நடக்கும் ஆண்டுகள் சிலவே. மரம் இலையை விடுவதுபோல் ஒருநாள் நீங்களும் பிள்ளையை விடவேண்டும். இதனை நன்கறிந்தவர்கள், உங்களை அனுப்பிவிட்டு இங்கே தனித்திருக்கும் உங்கள் தாய் தந்தையர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையோடு செலவிட்ட எந்த மணித்தியாலத்தையும் வீண் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

காலங்களைப் படைத்த இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.