முகத்தில் ஒரு கருநிழல்

சிலருக்குக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலங்கலந்த கருமை படர்ந்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் ஓட்டா 1939-இல் விவரித்ததால் அதனை ‘ஓட்டா மச்சம்’ என்பர். நிறமி அணுக்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிடுவதால் தோன்றுவது அது. தாய் கிரகணத்தைப் பார்த்ததால் வந்ததன்று, தொற்றுவதுமன்று.

‘உடல் நான் அல்லேன்’ என்று பயிலும் சாதகர் இதற்குச் சிகிச்சை நாடலாமா? தாராளமாக நாடலாம். கண்ணாடி அணிவதை எவரும் தேகாபிமானம் என்பதில்லையே! மேலும், இம்மச்சம் உடையோரில் சிலருக்குக் கண்ணழுத்தம் உயர்வதுண்டு. ஆதலால் கண் பரிசோதனை அவசியம். பூச்சு மருந்துகள் அவ்வளவு ஆழத்தை எட்டா. லேசர் சிகிச்சை பல தவணைகளில் கருமையைக் குறைக்கிறது.

சிகிச்சை வேண்டாம் என்பாரும் உளர். அதுவும் அவர் உரிமையே. ஆனால் பிறர் முகத்தை உற்றுநோக்கிவிட்டு, அவருக்கே ‘உடல் அநித்தியம்’ என்று உபதேசிப்பது வைராக்கியம் ஆகாது, அது கொடுமை. அவ்வுபதேசம் பார்க்கும் கண்ணுக்கு உரியது. குழந்தையின் கன்னத்தில் நாமே மையால் திருஷ்டிப் பொட்டு இட்டு மகிழ்கிறோம். அதே கன்னத்தில் இயற்கை இட்ட மையைக் கண்டாலோ, பெண் பார்க்கச் சென்ற வீட்டில் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம்.