பாட்டியின் தகரப்பெட்டி

சூதாட்டக் கூடங்களின் பழைய வில்லைகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுச் சயாமில் சீனச் சூதாட்டக் கூடங்கள் வெளியிட்ட பீங்கான் வில்லைகள் கடைத்தெருவிலும் சில்லறையாகப் புழங்கின. எனக்கு அவற்றைவிடப் பெரியவை இலங்கையின் காப்பி வில்லைகள். சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கொழும்புக் காப்பி ஆலைகள் கூலிக்குக் கொடுத்த உலோக வட்டங்கள் அவை. ஆலையின் பெயர் பொறித்திருக்கும். உழைத்து வாங்கியவர் பெயர் இருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்: மலேசியாவின் புக்கிட் பெருந்துங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய உங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில் பழைய வில்லையோ சம்பளச் சீட்டோ கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள்.