மணத்தை மணமாக்குவது எது?



இராசகிருகத்து வேளுவனத்தில் பகவன் புத்தர் தங்கியிருந்த நாளில், சிகாலன் என்னும் இளைஞன் விடியலில் நீராடி, ஈர ஆடையோடும் ஈரத் தலையோடும் ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுது நின்றான். ஏன் என்று வினவியபோது, தந்தை இறக்குங்கால் விட்டுச்சென்ற கட்டளை என்றான். பகவன் அவனை இகழவில்லை. திசை தொழும் முறை வேறு என்று எடுத்துரைத்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி, வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவியர். இவர்பால் தன் கடமையை ஆற்றுவதே உண்மையான திசை வழிபாடு என்றார்.

மேற்குத் திசைக்கு அவர் வகுத்த கடமைகளை நாம் மறத்தலாகாது. மனைவியை மதித்தல், இழிவாகப் பேசாமை, பிறழா ஒழுக்கம், இல்லத்தின் உரிமையை அவள் கையில் ஒப்புவித்தல், அணிகலன் அளித்தல் ஆகிய ஐந்தும் கணவன் கடன். இல்லப் பணிகளைச் செவ்வனே நடத்துதல், சுற்றத்தை ஓம்புதல், பிறழா ஒழுக்கம், தேடிய பொருளைக் காத்தல், சோம்பலின்மை ஆகிய ஐந்தும் மனைவி கடன். இவற்றுள் தீ வலம் வருதல் உண்டா? ஏழடி நடத்தல் உண்டா? இல்லை. கடமையும் மறுகடமையுமே உண்டு.

ஆயினும் நாம் வாழ்வது அரசின் சட்டத்துக்குள். அச்சட்டம் கேட்கும் கேள்வி வேறு. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்துவது. மணமக்களுள் ஒருவரது வழக்கப்படியான சடங்கு நடந்ததா என்று அதன் 7-ஆம் பிரிவு கேட்கிறது. வழக்கம் என்பதோ நெடுங்காலம் இடையறாது கைக்கொள்ளப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது அதே சட்டத்தின் விளக்கம். நேற்றுத் திரிசரணம் புகுந்த குடும்பத்துக்கு நெடுங்கால வழக்கம் எங்கிருந்து வரும்?

இச்சட்டத்துக்கு முன்பே இந்த முள் தைத்தது. சடங்கும் புரோகிதரும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றை, அது வழக்கமாக நிலைபெறவில்லை என்னும் காரணத்தால், செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. அவ்வகையில் மணந்து குழந்தை பெற்று வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் நிலை அதனால் ஐயத்துக்குள்ளாயிற்று. 1967-இல் அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியில் சொன்னாலும், மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும் என்றது. முன்பு நடந்த அத்தகைய மணங்களையும் செல்லத்தக்கன ஆக்கியது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இதற்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

ஆனால் அந்தப் பிரிவு தமிழ்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. பீருமேடு, தேவிகுளம் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கிளர்ச்சி நடந்தும், 1956 நவம்பர் முதல் நாள் அவை கேரளத்தில் நிலைத்தன. ஆதலின் குமுளி மலைப்பாதையில் இறங்கிக் கூடலூரில் மாற்றும் மாலைக்குள்ள சட்ட வலிமை, ஏலப்பாறை லயத்து வாசலில் மாற்றும் மாலைக்கு இல்லை. மலர் ஒன்றே; சொல் ஒன்றே; நடுவில் நிற்பது ஒரு சோதனைச் சாவடி.

இது வெறும் சொல்வாதமா? 2000-ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்ட பீருமேட்டுத் தோட்டங்களின் தொழிலாளரை நினையுங்கள். பணிக்கொடைக்கும் சேமநிதிக்கும் காத்திருந்தோர் பலர். கணவனை இழந்தவள் ஒருத்தி அலுவலகப் படியேறும்போது, அவள் எத்தனை ஆண்டு அவனோடு கொழுந்து கிள்ளினாள் என்று எவரும் கேளார். மனைவி என்பதற்குச் சான்று எங்கே என்றே கேட்பர். சட்டத்தின் சொல் பிழைத்தால் துன்புறுவது பெண்ணும் பிள்ளையுமே.

ஆகவே இல்லறம் புகும் இளையோர்க்கு நாம் வற்புறுத்துவது: 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி சார்பதிவாளரிடம் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு மணம் முடியுங்கள், அன்றே பஞ்சசீலம் ஏற்று மாலையும் மாற்றுங்கள். ஊராட்சியில் பதிவு செய்தாலே போதும் என்று எண்ணற்க. உரிய சடங்கு நடவாதபோது பதிவுச் சான்று மட்டும் இந்து மணத்தை உண்டாக்காது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் உரைத்துள்ளது.

இனி ஒரு வார்த்தை. மணம் எது என்பதைப் பெரும்பான்மையோர் கைதூக்கி முடிவு செய்யலாமா? அமெரிக்கக் கலிபோர்னியாவில் 2008 நவம்பரில் அதற்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆணும் பெண்ணும் இணைவதே மணம் என்று ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2013-இல் நீதிமன்றத்தின் வழியே அத்தடை நீங்கிற்று. 2024 நவம்பரில் அதே மாநில மக்கள் வாக்களித்து அச்சொற்களையே நீக்கினர். பதினாறு ஆண்டுகளில் எண்ணிக்கை மாறியது. இணைந்து வாழ்ந்தோரின் அன்பும் கடமையும் அவ்வெண்ணிக்கையைப் பார்த்தா பிறந்தன? நம் உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல், ஒருபாலினத்தார் மணத்தை ஏற்பது சட்டமன்றங்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்திலோ 2025 சனவரியில் அத்தகைய மணம் சட்டமாயிற்று.

இதைக் கேட்டு நம்முள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களை ஒன்று கேட்கிறோம். புரோகிதர் இல்லாத மணம் மணமன்று என்று நம் முன்னோரைப் பார்த்துச் சொன்னவர்களும் பெரும்பான்மையோரே அல்லரோ? அச்சொல்லின் வடு நம் குடும்பங்களில் இருக்கிறது. அதே சொல்லை எடுத்துப் பிறர்மேல் எறிய நம் நா கூச வேண்டாவா? மதித்தலும் இழிவுரையாமையும் பிறழா ஒழுக்கமும் எங்கு உளவோ, அங்கு மேற்குத் திசை தொழப்படுகிறது.

சட்டத்தை நாடுங்கள், அது எளியோர்க்குக் காவல். ஆனால் சான்றிதழைப் பேழையில் பூட்டிவிட்டு மனைவியைக் கைநீட்டி அடிப்பவன், சட்டப்படி கணவனேயாயினும் சிகாலன் கற்ற பாடத்தைக் கல்லாதவன். அவன் மணம் பதிவேட்டில் மட்டுமே உளது. இன்று மாலை வேலை முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், வாசலில் ஒரு கணம் நின்று, ஐந்து கடன்களுள் இன்று எதை ஆற்றினோம் என்று தம்மைத் தாமே வினவுக.

நமோ புத்தாய!