அற்புதங்கள் எதன்பொருட்டு?

ஒரே குடும்பத்தில் அண்ணன் விகாரைக்கும் தம்பி தேவாலயத்துக்கும் செல்வது நம்மிடையே புதிதன்று. ஆகவே, கிறிஸ்தவ சகோதரர்கள் உயிரென மதிக்கும் அற்புதங்களைப் பற்றிப் பேசுமிடத்து ஏளனம் நமக்குத் தகாது, விசாரணையே தகும். அற்புதம் நடந்ததா என்பதை விட, இக்காலத்தில் அஃது அவர்தம் சமயத்துக்கு என்ன பணி செய்கிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வாத்திக்கனில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1712இல் நட்டாலத்தில் நாயர் குலத்திற் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். குலப்பெருமையைத் துறந்து தாழ்த்தப்பட்டோருடன் கலந்து பழகினார். பல கொடுமைகளுக்கு உள்ளாகி 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் முறைப்படி, விசுவாசத்துக்காக உயிர்நீத்தவரை 'அருளாளர்' என்று அறிவிக்க அற்புதம் வேண்டுவதில்லை. 'புனிதர்' என்று அறிவிக்க ஒன்று வேண்டும். 2013இல், கருவில் துடிப்பு நின்ற சிசு அவரை வேண்டியதனால் உயிர்பெற்றது என்பதே அவருக்காக ஏற்கப்பட்ட அற்புதம்.

அற்புதம் அவருடைய ஒழுக்கத்துக்குச் சான்றன்று, அவர் இறைவனோடு இருக்கிறார் என்பதற்கு இறைவனே தரும் உறுதி என்பர் திருச்சபையார். அவ்விளக்கத்தை நாம் அறிவோம். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒரு நாயர் சாதியை உதறி நின்றதைக் காட்டிலும் பெரிய அற்புதம் எதுவென்று நமக்குத் தோன்றவில்லை. 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டத்தை அவர் பெயரினின்று நீக்கியே புனிதராக்கினர். அச்செயல் நம் மனத்துக்கு நெருக்கமானது.

அற்புதங்களைச் சோதிப்பதில் கத்தோலிக்கர் கண்டிப்பானவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1858 முதல் யாத்திரிகர் திரளும் பிரான்சு நாட்டு லூர்து நகரில் குணமடைந்ததாகக் கூறியோர் பல்லாயிரவர். திருச்சபை அற்புதமென ஏற்றவை எழுபதுக்குச் சற்றே மேற்பட்டவை. சீர்திருத்தச் சபையாரின் ஆசானாகிய கால்வினோ, அவ்வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு ஒழிந்தன என்றே கருதினார். 1906இல் அமெரிக்காவின் லாசு ஏஞ்சல்சு நகரில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுச்சி அந்தக் கருத்தைப் புறந்தள்ளிற்று. இன்று நம் ஊர்களில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்கள் அந்த வழியில் வந்தவை. அங்கே சோதனை இல்லை. நோய் தீர்ந்தால் தேவனுக்கு மகிமை. தீராவிடில் நோயாளியின் விசுவாசம் குறைவு! பிணியோடு பழியையும் ஏழையின் தலைமேல் ஏற்றும் இந்தக் கணக்கை நாம் ஏற்க இயலாது.

சுவிசேஷத்தை நோக்குமிடத்து வேறொன்று தென்படுகிறது. தொலைவில் கிடந்த நோயாளியைச் சொல்லாலேயே குணப்படுத்தியதாகக் கூறப்படும் இயேசு, குஷ்டரோகியைக் கையால் தொடுகிறார். தொடலாகாதென்று விலக்கப்பட்டவன் அவன். குணமானபின் அவனை ஆசாரியனிடம் அனுப்புகிறார். ஊரோடு மீண்டும் சேர்க்கத்தக்கவன் என்று சொல்லும் அதிகாரம் ஆசாரியனுடையது. தீண்டலின் பொருளை அறிய நமக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், சாதிகளைப் பிரித்து வைக்கும் சுவரோடு பிற்காலத்தில் ஓர் ஆலயம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சுவர் நின்றது. அதன் இருபுறமும் இருந்தோர் குஷ்டம் நீங்கியதை நம்பினர். தொட்ட கையைக் காணவில்லை.

நம் நூல்களில் அற்புதம் இல்லையோ? நிரம்ப உண்டு. நாலந்தாவில் கேவட்டன், பிக்கு ஒருவர் சித்தி காட்டினால் மக்கள் நம்புவரே என்று வேண்டியபோது, நம்பாதவன் அதனை வெறும் மந்திர வித்தை என்பான் என்று பகவர் மறுத்தார்; போதனையென்னும் அற்புதத்தையே மேலாக உரைத்தார். இராசகிருகத்தில் ஆகாயத்தில் எழும்பிச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்த பிண்டோல பாரத்துவாசரைக் கண்டித்து, அக்கிண்ணத்தைத் தூளாக்கச் செய்தார். எனினும் மணிமேகலையின் அமுதசுரபியை நாம் விட்டுக்கொடுப்பதில்லை. ஐந்து அப்பத்தால் ஐயாயிரவர் உண்ட கதையோடு அதனை ஒப்பிடுவோரும் உளர். உண்பார் இல்லாத மணிபல்லவத்தில் அப்பாத்திரத்தால் பயனில்லை என்பதும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் அக்காப்பியத்திலேயே உள்ளன.

எனவே, நோயுற்ற உறவினர் ஜெபக்கூட்டத்துக்குப் போக விரும்பினால் தடுப்பதா என்று வினவும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. தடுக்கவேண்டா. மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடன் செல்லுங்கள், திரும்பியபின் இரவில் அருகிலிருங்கள். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவர் சித்தியால் எழுப்பவில்லை. ஆனந்தர் நீர் கொணர, தாமே வார்த்தார். இருவருமாகக் கழுவி, தூக்கிப் படுக்கையில் கிடத்தினர்.