நிலம் இல்லாத விடுதலை

மைசூரு மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களான ஹுன்சூரிலும் பிரியாபட்டணத்திலும் வர்ஜீனியா புகையிலை விளைகிறது. பக்கத்து எச்.டி. கோட்டேயில் பருத்தி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை வேர்விட்டுப் பரவியது இந்த இரண்டு பயிர்களின் மீதுதான். பயிர் ஒன்று என்பதால் இரண்டு ஊர்களின் கதையும் ஒன்றாகிவிடாது. ஆனால் விடுதலை பெற்ற மனிதன் ஏன் மறுபடியும் பழைய முதலாளியின் வாசலில் போய் நிற்கிறான் என்ற கேள்விக்கு, இரண்டு இடங்களிலும் கிடைக்கும் பதில் ஒன்றே.

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைகளுக்காக மூண்டது என்று அங்கே ஒரு சாரார் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். 1861 ஜனவரியில் பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று தன் பிரகடனத்திலேயே எழுதிவைத்தது. தப்பியோடி வந்த அடிமையை வட மாநிலத்தார் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று 1850இல் சட்டம் வந்தபோது, அந்த மாநிலங்களின் உரிமை பறிபோவதைப் பற்றித் தெற்கு கவலைப்படவில்லை. 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்கள் தலைக்கு வைக்கப்பட்ட விலையைக் கூட்டினால், நாட்டின் ரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் போட்டிருந்த மொத்த முதலீட்டையும் விஞ்சும் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சொத்தை எந்த வர்க்கமும் அறவுரை கேட்டு விட்டுக்கொடுப்பதில்லை. புதிய பகுதிகளுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்ற அளவோடு நின்ற லிங்கன் தேர்தலில் வென்றதற்கே, அவர் பதவியேற்கும் முன் ஏழு மாநிலங்கள் பிரிந்தன.

நான்கு ஆண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியல் சாசனத்தின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்ற விலக்கு அதிலேயே இருந்தது. வேலையின்றித் திரிவதைத் தென் மாநிலங்கள் குற்றமாக்கின. பிடிபட்ட கறுப்பினத்தவர்கள் கைதிகளாகத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டார்கள்.

நிலத்தின் கதை இன்னும் கொடியது. 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தென்கிழக்குக் கடலோர நிலத்தை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை, விடுதலையானவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க உத்தரவிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி உழத் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபராக வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் அந்த நிலத்தைப் பழைய உடைமையாளர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைநகர் வாஷிங்டனில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது, உடைமையாளர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு தந்த அரசு அது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு அது தந்தது ஒன்றுமில்லை.

அதன் பின் வந்தது வாரச் சாகுபடி. நிலமும் விதையும் கோவேறு கழுதையும் முதலாளியுடையவை. மாவும் துணியும் கடையில் கடன். பருத்தி எடுத்து முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு எழுதுகிறவர் முதலாளி. உழுதவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. விளைச்சலில் அவர் பங்கு கடனுக்குச் சரியாகப் போகும், அல்லது மிச்சக் கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். 1877இல் கூட்டரசின் படை தெற்கில் காவலைக் கைவிட்டதும், வாக்குரிமையும் படிப்படியாகப் பறிபோனது. அதை மீட்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மராட்டியச் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். நம் நாட்டிலும் அதே விலங்கு இருப்பதை அவர் கண்டிருந்தார். இங்கே அதை உடைக்கப் படை எதுவும் கிளம்பவில்லை; சட்டங்கள் வந்தன. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் ஒருவர் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அடிமை வைத்திருப்பதைத் தண்டிக்கவில்லை. 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. சரியாக ஓராண்டு கழித்து லிங்கனின் விடுதலைப் பிரகடனம். ஆளை விற்பது குற்றமான பிறகு, நம் ஊர்களில் ஆளைப் பிடித்துவைக்கக் கடன் போதுமானதாக இருந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு மைசூருப் பக்கத்தில் ஜீதம் என்று பெயர். மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தகப்பன் முன்பணம் வாங்குகிறார். ஈடாக மகன் கௌடர் வீட்டுக்குப் போகிறான். விடியுமுன் கொட்டிலில் சாணி அள்ளி, மாடு மேய்த்து, தண்ணீர் சேந்தி, தனித் தட்டில் சாப்பிட்டு, இரவில் கொட்டிலிலேயே படுக்கிறான். யுகாதியை ஒட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். காய்ச்சலில் படுத்த நாட்கள் கழிக்கப்படும். இடையில் வாங்கிய வேட்டியும் மருந்தும் கடனில் ஏறும். மிசிசிப்பியின் கணக்குப் புத்தகமும் இந்த யுகாதிக் கணக்கும் வேறுவேறல்ல. பிணைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் ஆதிவாசிகளும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு 1950லேயே கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தன. கொத்தடிமைக் கடன் எல்லாம் செல்லாது என்ற ஒரு வாக்கியம், எழுதப்பட்டபடி நடந்திருந்தால், இந்தியாவின் மிகப் பெரிய புரட்சிகளில் ஒன்றாக இருந்திருக்கும். அப்போது கர்நாடகத்தின் முதல்வர் ஹுன்சூர்க்காரரான தேவராஜ் அர்ஸ். 1974இல் அவர் நடைமுறைப்படுத்திய நிலச் சீர்திருத்தம் குத்தகை முறையையே ஒழித்து, உழுதவருக்கு நிலத்தைக் கொடுத்தது. தென்னிந்திய அரசியலில் அது ஒரு பெருஞ்செயல். ஆனால் குத்தகையாளர் என்று காட்டிக்கொள்ள முடிந்தவர்களுக்கே அது பலன் தந்தது. ஜீதத்தில் இருந்தவர் குத்தகையாளர் அல்லர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நிலம் இருந்தவர்களும் அதை இழந்தார்கள். 1970களில் கபினி அணையின் நீரில் எச்.டி. கோட்டே ஊர்கள் மூழ்கின. நாகரஹொளே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேனு குறும்பர் குடும்பங்கள் பல, குடகு காபித் தோட்டங்களின் லைன் வீடுகளுக்குக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்தன. காட்டை இழந்தவர்களுக்கு முன்பணம் தர ஆள் காத்திருந்தார்.

நம் நாட்டில் இதற்காகப் போர் நடக்கவில்லை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். ஒரு தரப்பிடம் மட்டும் ஆயுதம் இருக்கும் போருக்கு வரலாறு பெயர் சூட்டுவதில்லை.

இன்றும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் மீட்கப்பட்டவருக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை அறிவித்தது. ஆனால் முழுத் தொகையை நீதிமன்றத் தீர்ப்போடு பிணைத்துவிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். வீட்டில் அடுப்பு நாள்தோறும் எரிய வேண்டும். அந்த இடைவெளியில்தான் மறுபடியும் முன்பணம் நுழைகிறது. ‘ஜீவிகா’ போன்ற ஜீத விடுதலை அமைப்புகள் ஆட்களை அடையாளம் காட்டி மனுக் கொடுத்தாலும், விடுதலைச் சான்றிதழ் தர வேண்டியது வருவாய்த் துறை அதிகாரிதான். ஒரு கொத்தடிமையைக் கண்டுபிடிப்பது தன் தாலுகாவுக்கு அவப்பெயர் என்று அவர் நினைத்தால், அங்கே கொத்தடிமையே இல்லை என்றாகிவிடும்.

அமெரிக்கா லட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்து வென்ற விடுதலையை, நிலம் தர மறுத்ததால் ஒரே தலைமுறையில் பாதி இழந்தது. அந்தப் பாடத்தைப் போரில்லாமலே கற்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. சான்றிதழோடு நிலப் பட்டாவும் சேர்ந்து வர வேண்டும். மறுவாழ்வுத் தொகை தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி ஆதிவாசிகளுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும். ஆபத்துக்குக் கடன் வாங்க முதலாளியைத் தவிர வேறு இடம் வேண்டும். இவை கருணையால் கொடுக்கப்படுபவை அல்ல. உழைத்தவருக்கு நாடு தர வேண்டிய பழைய பாக்கி.